தாளைத் திருப்பிப் பாருங்கள்: ஓவியக் கல்லூரிக் கட்டுகளை மின்னாக்கும் முன்பு

ஓவியக் கல்லூரியின் பீரோவைத் திறந்து, சணல் கயிறு கட்டிய பழைய கட்டு ஒன்றை மேசையில் இறக்கியதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: ஸ்கேனர் எங்கே? கொஞ்சம் பொறுங்கள். மேலே கிடக்கும் தாளை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு மூலையில் ரோல் நம்பர். சிவப்பு மையில் வட்டமிட்ட மதிப்பெண். அதற்கடியில் தேர்வாளரின் கிறுக்கல், ஒரு தேதி, பாதி அழிந்த ரப்பர் முத்திரை. தாளை வீணாக்காத மாணவர் என்றால் பின்பக்கத்திலும் ஒரு கை, ஒரு பானை, பாதியில் விட்ட முகம் இருக்கும்.

தேர்வுக்கு வரைந்த தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று சொல்வது அலுவலகத்தில் கிடக்கும் சேர்க்கைப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் மட்டுமே. ஆகவே முதலில் மின்னாக்க வேண்டியது அந்தப் பதிவேடுகளை. அவற்றைக் கரையான் தின்றுவிட்டால், ஆயிரம் ஓவியங்களை எவ்வளவு துல்லியமாகப் படம் எடுத்து வைத்தாலும் அவை அநாதைதான். பெரும்பாலான கல்லூரிகளில் வேலை தலைகீழாக நடக்கிறது. கேமரா வாங்க நிதி கிடைத்துவிடுகிறது, பதிவேட்டைத் தேட ஆள் கிடைப்பதில்லை.

மாணவர் பயிற்சித் தாளுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே மாணவராகச் சேர்ந்து, ஆசிரியராகி, முதல்வராகவும் ஆனவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாக முன்நின்றவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் வகுப்பில் கீறிய தாள் ஒன்று கிடைத்தால் அது கலை வரலாறு. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அது வெறும் ரோல் நம்பர். எந்த எண் பின்னாளில் யாராகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

கட்டைப் பிரிப்பது

என்-95 முகக்கவசம், பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, இரண்டு அங்குல மென்மயிர்த் தூரிகை, அடியில் வைக்கத் தாளைவிடப் பெரிய அட்டை. இவ்வளவு போதும். அட்டை முக்கியம். நொறுங்கும் தாளை மூலையைப் பிடித்துத் தூக்கினால் மூலை மட்டும்தான் கையோடு வரும்.

கட்டின் வரிசையைக் கலைக்காதீர்கள். தேதி இல்லாத தாளுக்கு அதன் மேலும் கீழும் இருந்த தாள்களின் தேதிதான் சாட்சி. “தலைப்பு வாரியாக அடுக்கிவிடலாம்” என்று ஆர்வத்தில் கலைத்துவிட்டால் அந்தச் சாட்சி போச்சு. தலைப்பு வாரியாகத் தேடுவது கணினியின் வேலை, அலமாரியின் வேலை அல்ல.

ஸ்டேப்ளர் பின்னும் ஜெம் கிளிப்பும் கடற்கரை ஊரில் சில ஆண்டுகளிலேயே துரு ஏறித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும். பின்னின் இரண்டு கால்களையும் பின்பக்கமாக நிமிர்த்தி, இடையில் மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, மெதுவாக எடுங்கள். செல்லோடேப் கதை வேறு. பழுப்பேறிக் காய்ந்து தானாகவே கழன்றதை எடுத்துவிடலாம். இன்னும் பிசுபிசுப்பாக இருப்பதைத் தொடாதீர்கள். பெட்ரோல், தின்னர் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், மையும் சேர்ந்து ஓடும். பதிவில் “டேப் உள்ளது” என்று எழுதிவிட்டுப் பாதுகாப்பு நிபுணர் வரும்வரை விடுங்கள். கிழிசலை ஃபெவிகாலால் ஒட்டுவதும் கூடாது, அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. மாவுச்சத்துப் பசையும் ஜப்பானிய மெல்லிழைத் தாளும்தான் இதற்கு உரியவை. கடையில் வாங்கும் மைதாவைக் காய்ச்சியது மாவுச்சத்துப் பசை ஆகாது. அதில் புரதம் இருக்கிறது, பூச்சிக்கு அது விருந்து. லேமினேஷன் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

பூஞ்சை பிடித்த தாள்களை உடனே தனி உறையில் போட்டு அறையை விட்டு வெளியே கொண்டுபோங்கள். தூரிகை நுனியால் தொட்டுப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் காய்ந்த பூஞ்சை, தீற்றலாக இழுபட்டால் இன்னும் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பதைத் துடைக்கக் கூடாது, தாளின் இழைக்குள் போய்விடும். முதலில் நிழலில், காற்றோட்டத்தில் காயவிட்டு, பிறகு திறந்த வெளியில் வெளிப்புறமாகத் தூரிகையால் தள்ளுங்கள். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் இருந்தால் நல்லது. டெட்டாலும் பிளீச்சிங் கரைசலும் தரையைத் துடைக்கத்தான்.

அடுத்தது எண். 2பி பென்சில், பின்பக்கத்தின் கீழ்மூலை, அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா தடம் முன்பக்கம் வரை எழும்பும், மார்க்கர் ஊறிவிடும். எண்ணை வெறும் இலக்கங்களால் அமைத்தால் பின்னால் தலைவலி இல்லை: 1987-0142 என்றால் 1987ஆம் ஆண்டுக் கட்டில் 142ஆவது தாள். கோப்பின் பெயரும் அதுவே. முன்பக்கம் 1987-0142-1, பின்பக்கம் 1987-0142-2. ஆண்டு தெரியாதவற்றுக்கு 0000. ஊகித்து ஆண்டு போடாதீர்கள், நாளைக்கு அது உண்மையாகிவிடும்.

எது எப்படிக் கெடும்

கரித்துண்டும் சாஃப்ட் பேஸ்டலும் தாளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தூள்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டால் நிலைமின்சாரம் அந்தத் தூளைப் பிடித்திழுத்து உறையில் ஒட்டவைக்கும். படம் தாளில் பாதி, உறையில் பாதி. கிளாசைன் என்னும் வழுவழுப்பான மெல்லிய தாளை மேலே பரப்பி, நான்கு புறமும் அட்டைச் சட்டம் வைத்து, எதுவும் அழுத்தாதபடி படுக்கவைத்து வையுங்கள். தூளைத் தாளோடு பிடித்து நிறுத்தும் ஃபிக்சேட்டிவ் தெளிப்பை அடித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அடித்ததும் பேஸ்டலின் நிறம் ஒரு படி கருக்கும். மாணவர் அடிக்காமல் விட்டதை நாம் அடிக்கக் கூடாது.

போஸ்டர் கலர் நம் கல்லூரிகளில் அதிகம், தொல்லையும் அதிகம். நிறத்தூளைப் பிடித்து வைத்திருப்பது பிசின். மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சி இளகி, மேலே கிடக்கும் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கோடையில் காய்ந்து செதில் செதிலாக உதிரும். தடிமனாகப் பூசிய இடங்கள்தான் முதலில் போகும். ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்களைப் பிரிக்க ஈரத்துணி வைத்தால் இரண்டுமே போகும். ஒட்டியபடியே ஒரே எண் கொடுத்துத் தனியே வையுங்கள்.

வண்ணச் சார்ட் தாளின் சாயமும் ஸ்கெட்ச் பேனா மையும் வெளிச்சத்தில் வெளுக்கும். இவற்றை வரவேற்பறையில் மாட்டுவது மரியாதை மாதிரித் தெரிந்தாலும் தண்டனைதான். கண்ணாடிச் சட்டத்தின் பின்னால் ஹார்ட்போர்டு வைத்திருந்தால் அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கிக்கொண்டே இருக்கும். கழற்றிவிட்டு அமிலமற்ற அட்டையை வையுங்கள். கைமுறைத் தாள் என்றாலே அமிலமற்றது என்று நம்பவும் வேண்டாம். பிஹெச் பேனாவால் அந்த அட்டையின் ஓரத்தில் ஒரு கோடு போட்டால் ஊதா நிறம் வர வேண்டும், மஞ்சளாக நின்றால் அமிலம். கோடு போடுவது அட்டையில் மட்டும், ஓவியத்தில் அல்ல.

கேன்வாஸைச் சுருட்டத்தான் வேண்டும் என்றால் வண்ணப் பக்கம் வெளியே இருக்க, குறைந்தது 20 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சுருட்டுங்கள். வண்ணம் உள்ளே இருக்கும்படி சுருட்டுவதுதான் வழக்கம், அதுதான் தவறு. பிரிக்கும்போது நசுங்கிய வண்ணப்படலம் வெடித்து எழும்பும்.

ஈரம், பூச்சி, ஏசி

ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வடகிழக்குப் பருவமழையின்போது அது தாண்டாத நாள் குறைவு. 50 முதல் 60க்குள் நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் ஏறி இறங்காமல் இருக்கட்டும். பகலில் ஏசி, மாலை ஐந்து மணிக்கு அணைத்துப் பூட்டு என்ற அலுவலக வழக்கம், ஏசியே இல்லாததைவிட மோசம். குளிர்ந்து கிடக்கும் இரும்பு பீரோவின் மேல் இரவில் புகும் ஈரக்காற்று வியர்த்துவிடும். ஏசிக்குப் பதில் ஈரநீக்கி இயந்திரம் வாங்குங்கள். வாளியை நம்பாமல் குழாய் போட்டு வெளியே வடியவிடுங்கள். வாளி நள்ளிரவில் நிரம்பினால் இயந்திரம் நின்றுவிடும். சிலிக்கா ஜெல் மூடிய பெட்டிக்குள் மட்டுமே பலன் தரும். கதவு இடுக்குள்ள பீரோவில் ஒரு கிலோ போட்டாலும் அது ஊரின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடக்கும்.

பீரோ வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். தரையிலிருந்து உயரமாகவும் நிற்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் தரைத்தளத்தில் ஆவணக்காப்பகம் வைப்பவர்களிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கெடு, அதற்குள் காயவைக்க வேண்டும். முடியாத அளவு தாள் இருந்தால் மெழுகுத்தாள் இடையிட்டு உறைபெட்டியில் வைத்து, பின்னர் சிறிது சிறிதாக எடுத்துக் காயவைக்கலாம்.

அந்துருண்டை வேண்டாம். ஆவி வேலை செய்பவர் நுரையீரலுக்கும் கெடுதல், சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கும். வேப்பிலையும் வசம்பும் பாட்டி காலத்து வழக்கம், மறுப்பதற்கில்லை. ஆனால் இலையை நேரடியாகத் தாள்மேல் போட்டால் கறை விழும். மல்துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு ஒட்டும் அட்டைப் பொறிகளை பீரோவின் நான்கு மூலையிலும் வைத்து, மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எந்த மூலையில் அதிகமோ அங்கேதான் ஈரம். புழு உள்ள தாள்கட்டை பாலிதீன் பையில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து எடுக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, அறைச்சூட்டுக்கு வர ஒரு நாள் விட வேண்டும். எண்ணெய் வண்ணம், அக்ரிலிக் இரண்டுக்கும் இந்த வைத்தியம் ஆகாது. குளிரில் படலம் விறைத்து வெடிக்கும்.

இப்போது கேமரா

ஸ்கேனர் ஏ4, ஏ3 அளவுள்ள பென்சில், மை, எச்சிங் தாள்களுக்கு நல்லது. 600 பிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். அலுவலகத்து மெல்லிய ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் வகை உணரி. கண்ணாடியிலிருந்து தாள் ஓரிரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கும். சுருங்கிய வாட்டர்கலர் தாளுக்கு அது ஒத்துவராது, சிசிடி வகை வேண்டும். கரித்துண்டு, பேஸ்டல், உதிரும் போஸ்டர் கலர் எதையும் கண்ணாடியில் கவிழ்க்கக் கூடாது. தாளை இழுத்துச் செல்லும் ஃபீடரை எந்த ஓவியத்துக்கும் தொடாதீர்கள்.

மற்றதற்கெல்லாம் கேமரா. இங்கே ஒரு கணக்கு போட்டே ஆக வேண்டும். முழு இம்பீரியல் தாள் 22 × 30 அங்குலம். 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000 × 4000 புள்ளிகள். 4000ஐ 22ஆல் வகுத்தால் 181 பிபிஐதான் தேறும். ஓரம் விட்டால் இன்னும் குறையும். இணையத்தில் காட்டவும் சிறிய அச்சுக்கும் இது போதும், மூல அளவில் மறுஅச்சிடப் போதாது. தாளை நான்கு பகுதியாக, ஒவ்வொன்றும் 13 × 18 அங்குலம் வரும்படி எடுத்தால் 300 பிபிஐ கிடைக்கும். பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியும், இணைக்கும் மென்பொருளுக்கு அது தேவை. எல்லாத் தாளுக்கும் நான்கு படம் என்று விதி வைத்தால் வேலை பாதியில் நிற்கும். அச்சுக்கலை, நுண்கோட்டு ஓவியங்களுக்கு மட்டும் அப்படிச் செய்துவிட்டு மற்றவற்றை ஒரே படமாக எடுப்பது நடைமுறைக்கு ஒத்தது.

ஏபிஎஸ்-சி என்னும் சிறிய உணரி உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் முழு இம்பீரியலுக்கு 1.9 முதல் 2 மீட்டர் தூரம் வேண்டும். அந்த உயரத்தில் கேமராவைக் கவிழ்த்துத் தொங்கவிடுவதைவிட, சுவரில் தட்டையான இரும்புத் தகடு அடித்து, தாளை மூலைகளில் காந்தத்தால் நிறுத்தி, ட்ரைபாடில் நேராக எடுப்பது எளிது. தூள் வகை ஓவியங்களை மட்டும் படுக்கவைத்தே எடுங்கள். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி: தாளின் நடுவில் தட்டையான கைக்கண்ணாடியை வைத்துத் திரையில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுப்புள்ளியில் தெரிந்தால் நேர். இல்லாவிட்டால் படம் ஒரு பக்கம் குறுகும்.

விளக்கு இரண்டு, இருபுறமும் 45 பாகையில், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல். அறையின் டியூப் லைட்டை அணையுங்கள், சன்னலைத் துணியால் மூடுங்கள். வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுத்து, நான்கு மூலையிலும் நடுவிலும் எண் மதிப்பைப் பாருங்கள். 255க்குள் 5க்கு மேல் வேறுபட்டால் விளக்கை நகர்த்துங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்8, ஷட்டர் பத்தில் ஒரு நொடி அல்லது அதைவிட மெதுவாக. மலிவான எல்இடி விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகமான ஷட்டரில் அது பட்டை பட்டையாகப் பதியும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். கேட்கச் சின்ன விஷயம், மே மாதத்தில் பெரிய விஷயம். விசிறி ஓடினால் தாள் துடிக்கும், ட்ரைபாட் அதிரும், கரித்தூள் பறக்கும். வேர்வை சொட்டாமல் இருக்க நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு முக்கால் மணிக்கு ஒருமுறை வெளியே போய்வாருங்கள். சிவப்புச் சட்டையும் போடாதீர்கள், அதன் நிறம் வெள்ளைத் தாளில் தெறிக்கும். கறுப்போ சாம்பலோ சரி.

ஒவ்வொரு படத்திலும் 24 கட்ட வண்ண அட்டையும் சென்டிமீட்டர் அளவுகோலும் தாளின் ஓரத்தில் இருக்கட்டும். அட்டையின் வெள்ளைக் கட்டம் 240 முதல் 245க்குள் விழ வேண்டும். எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு தொல்லை கொடுத்தால் விளக்குகளின் முன் போலரைசர் தாள், லென்ஸில் போலரைசர் ஃபில்டர். ஃபில்டரைத் திருப்பத் திருப்ப மினுக்கம் மறையும். ஆனால் தூரிகைத் தடத்தின் மேடுபள்ளமும் சேர்ந்து மறையும். அதற்காக ஒரே பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி விழும் இன்னொரு படம் எடுத்து வையுங்கள். ஒளிரும் வண்ணமும் தங்க, வெள்ளி வண்ணமும் எந்தக் கேமராவிலும் சரியாக வராது. போராடாமல் பதிவில் எழுதிவிடுங்கள்.

மூலப்படியாக வைப்பது 16 பிட் டிஃப் கோப்பு, அடோபி ஆர்ஜிபி நிறவெளியில். வெட்டாமல், கூர்மையேற்றாமல், வண்ண அட்டையோடு. படம் ஒன்றுக்கு 144 எம்பி. பின்பக்கத்துக்கு 8 பிட் போதும், 72 எம்பி. 2000 தாள் என்றால் 432 ஜிபி. அதை மூன்று பிரதியாக, இரண்டு வேறு ஊடகங்களில், ஒன்றையாவது வேறு கட்டடத்தில் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பு சற்றே மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்றது) எடுத்து எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். பென் டிரைவ் பிரதி ஆகாது. பேராசிரியரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருப்பதும் ஆகாது, அவர் ஓய்வு பெறும் நாளில் அதுவும் ஓய்வு பெறும்.

பெயர் என்னும் சிக்கல்

படம் எடுப்பதைவிட அட்டவணைதான் கடினம். ஆர். முருகன், ரா. முருகன், முருகன் ஆர். மூவரும் ஒருவரே. பதிவேட்டில் ஆங்கில முன்னெழுத்து, ஓவியத்தில் தமிழ் முன்னெழுத்து, பிற்காலக் கண்காட்சியில் ஊர்ப்பெயர் சேர்த்து இன்னொன்று. ஆளுக்கு ஒரு அடையாள எண் கொடுத்து, கிடைத்த எல்லா வடிவங்களையும் அதன்கீழ் எழுதுங்கள். ஓவியத்தில் இருப்பதை இருந்தபடியே, பிழையோடு, தனிப் பத்தியில் படியெடுங்கள். திருத்தியது வேறு பத்தியில்.

பழைய கணினிப் பட்டியல் கிடைத்தால் அது பாமினி எழுத்துருவிலோ டாப் குறியாக்கத்திலோ இருக்கலாம். எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. தூக்கி எறிந்துவிடாமல் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள். ஒருங்குறியிலும் ஒரு பொறி உண்டு. “கொ” என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடும்போது வேறு. எல்லாவற்றையும் என்எஃப்சி என்னும் ஒரே சீரான ஒருங்குறி வடிவத்துக்கு ஒருமுறை மாற்றினால் இது தீரும். “கௌ” மட்டும் அப்படித் தீராது. கொம்பு போட்டு ள என்ற எழுத்தையே தட்டியிருந்தால் மென்பொருள் கண்டுகொள்ளாது. கௌரி, சௌந்தர் என்ற பெயர்களைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

உயரம் முதலில், அகலம் பிறகு, சென்டிமீட்டரில். ஊடகத்தை “மிக்ஸ்டு மீடியா” என்று எழுதி ஒதுங்காமல் “கார்ட்ரிட்ஜ் தாளில் கரித்துண்டு, மேலே வெள்ளைப் போஸ்டர் கலர்” என்று எழுதுங்கள்.

யாருடைய படம்?

தாள் கல்லூரியிடம் இருக்கலாம், பதிப்புரிமை வரைந்தவருடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்ல. எழுதிக் கொடுக்காதவரை உரிமை அவரிடமே, அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் வாரிசுகளிடம். 2012 திருத்தம் லாப நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடம் தருகிறது. கல்லூரிக் காப்பகம் அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. எப்படியானாலும் சேமிப்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. ஏற்ற எழுத்தில் அனுமதி வேண்டும். காலத்தையும் எல்லையையும் குறிப்பிட்டு வாங்குங்கள். குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பின்பக்கப் படத்தைப் பொதுவில் வைக்காதீர்கள். நாற்பது ஆண்டுக்கு முன் 31 மதிப்பெண் வாங்கியதை அவர் பேரப்பிள்ளைகள் இணையத்தில் பார்க்க வேண்டியதில்லை. உருவப் பயிற்சிக்கு உட்கார்ந்த மாடல்களின் ஆடையில்லாத ஓவியங்களையும் முகம் அடையாளம் தெரியுமானால் காப்பக அறையில் மட்டும் காட்டுங்கள். அவர்கள் கூலி வாங்கியது வகுப்பறைக்கு உட்கார, இணையத்துக்கு அல்ல.

இன்றைய மாணவர்களிடம் இதெல்லாம் சுலபம், ஆள் எதிரிலேயே இருக்கிறார். இறுதியாண்டுக் கண்காட்சியில் படைப்பை வாங்கும் மேசையிலேயே ஒரு பக்கப் படிவம் வையுங்கள்: பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவரே எழுதியபடி, பிறந்த ஆண்டு, தாளின் வகை, வண்ணத்தின் பிராண்ட், வார்னிஷ் அல்லது ஃபிக்சேட்டிவ் அடித்ததா, எந்த மாதம், எது மேல்பக்கம், இணையத்தில் ஏற்றலாமா, கையொப்பம். மேல்பக்கத்தைக் கேட்க மறந்துவிடாதீர்கள். அரூப ஓவியம் என்றால் பத்து ஆண்டு கழித்து அதைச் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும்.